மாவுக்கு ஆகாத கை

மயிலாத்தாளுக்கு அருவருப்பு பிறவியிலேயே வந்தது. சொந்தக்காரர் வீட்டில் தண்ணீர்ச் சொம்பை நீட்டினால், வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். ஈ உட்கார்ந்த பண்டத்தைத் தொடமாட்டாள். யாராவது விரலை நக்கிவிட்டுக் கரண்டியைப் பிடித்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பாலக்காட்டை ஒட்டிய எலப்புள்ளிப் பக்கம் அவளுக்குச் சுத்தக்காரி என்றே பட்டப்பெயர். ஆனால் அவள் கிண்டிய ராகிக்களியும் அவரைப்பருப்புக் குழம்பும் உண்டு என்று தெரிந்தால், கேலி பேசியவர்கள்தான் முதல் ஆளாகச் சோற்று வட்டல் முன்னால் உட்காருவார்கள். அவ்வளவு சுத்தமான கை, அவ்வளவு ருசியான கை என்று ஊர் சொல்லும்.

அந்தக் கைதான் எழுபத்து மூன்றாம் வருசத்து மாசியில் கரும்பு ஆலைக்குள் போயிற்று.

அதுவரை அவர்கள் தோட்டத்து ஆலையை மாடுகள்தான் இழுத்தன. அந்த வருசம் அவள் புருசன் அர்த்தநாரி கரண்ட் மோட்டார் வாங்கி வைத்திருந்தார். உச்சிவேளைக்குக் கம்மஞ்சோறு கொண்டுபோன மயிலாத்தாள் ஆலைக்குப் பக்கத்தில் ஒரு நிமிசம் நின்றாள். சகதி அப்பிய கரும்பு ஒன்று மற்றவற்றோடு சேர்ந்து உருளைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அந்தச் சகதியோடு சாறு இறங்கி, அதே சாறு கொப்பரையில் வெந்து, அதே வெல்லத்தை மனிதர்கள் தின்பார்களா என்று அவளுக்கு உடம்பு கூசியது. கை நீட்டிக் கரும்பை இழுத்தாள். கரும்பு வரவில்லை. கை போயிற்று.

மாடாக இருந்தால் அவள் போட்ட கூச்சலுக்கு நின்றிருக்கும். மோட்டாருக்குக் காது கிடையாது. கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த அப்புசாமி ஓடிப்போய்ப் பெல்ட்டைத் தட்டிவிட்டதால் முழங்கை தப்பியது.

பாலக்காட்டில் பாதிரிமார் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு போயின. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் நசுங்கியிருந்தாலும் தங்கின. கட்டைவிரலுக்கு ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் தோலே இல்லாமல் போன இடத்துக்கு, அவள் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பிடிக்கும்வரை கட்டிலில் கிடக்க வேண்டியிருந்தது. முதல் தடவை கட்டுப் பிரித்தபோது கிளம்பிய வாடையை அவளால் தாங்க முடியவில்லை. மழையில் ஊறிக் கெட்டுப்போன புண்ணாக்கு மூட்டையைத் திறந்தமாதிரி இருந்தது. அது தன் உடம்பிலிருந்துதான் வருகிறது என்பதை அவள் மனசு ஒப்பவே இல்லை. பக்கத்தில் நின்றிருந்த அர்த்தநாரி வெளியே போனார். வராந்தாவில் அவர் ஓங்கரிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. திரும்பி வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு, மயிலா. ஒத்துக்கல," என்றார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவளுக்குக் காய்ச்சல். அர்த்தநாரி வண்டி பிடிக்கப் போயிருந்தார். துணைக்கு இருந்தது அவருடைய அக்கா பழனாத்தாள். தாராபுரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, புருசனை இழந்தவள். தம்பி பெண்டாட்டிக்கு இப்படி ஆகிவிட்டது என்று கேட்டதும் துணிமூட்டையோடு வந்து இறங்கியிருந்தாள். அவளிடம்தான் நர்ஸ் மலையாளத்தில் சொன்னாள்: "கை எப்பழும் அனக்கிக்கொண்டிரிக்கணம், கேட்டோ அம்மே."

பழனாத்தாளுக்கு மலையாளம் அவ்வளவாக வராது. கையை எப்போதும் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவள் காதில் விழுந்தது. "அதுக்கென்னங்க, கண்ணு மாதிரி பாத்துக்கறேன்," என்று தலையாட்டினாள்.

பழனாத்தாள் கெட்டவள் இல்லை. அதுதான் பிற்பாடு மயிலாத்தாளுக்கு ரொம்ப எரிச்சலாக இருந்த விசயம். கெட்டவளாக இருந்தால் சண்டை பிடித்துத் துரத்தியிருக்கலாம்.

மயிலாத்தாளின் கை ஒரு பழைய வேட்டித்துண்டில் மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டது. விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி ஊற்றி, அதன்மேல் துணி சுற்றி, காற்றுப் படாமல், வெளிச்சம் படாமல், அசையாமல் மாசக்கணக்கில் கிடந்தது. பழனாத்தாளே தலைக்கு ஊற்றிவிட்டாள், தலை சீவிவிட்டாள், சேலை கட்டிவிட்டாள். வேளாவேளைக்குக் கரண்டியில் சோற்றை அள்ளி, "ஆ காட்டு அம்மிணி," என்று வாயில் வைத்தாள். அந்தக் கரண்டியை அவள் எதில் கழுவினாள், எந்தத் துணியில் துடைத்தாள் என்று கேட்க மயிலாத்தாளுக்கு நாக்கு துடிக்கும். கேட்கமாட்டாள். குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறப்பாள். இடது கையால் உண்டுகொள்ளலாம்தான். ஆனால் இடது கை எதற்கான கை என்று அவளுக்குத் தெரியாதா? அதை வாய்க்குக் கொண்டுபோவதை நினைத்தாலே தொண்டையில் என்னவோ எழும்பி வந்தது.

பார்க்க வந்தவர்கள் அதைவிட மோசம். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முதலில் "ஐயோ பாவம்" என்பார்கள். பிறகு, கொஞ்சம் கட்டைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பழனாத்தாள் பெருமையோடு திறந்து காட்டுவாள். "தொடைத்தோலுங்க! தொடைல இருந்து வெட்டியெடுத்து உள்ளங்கைல ஒட்டிப்போட்டாங்க!" என்பாள். வந்தவர்கள் முகத்தில் ஒரு சுளிப்பு வரும், உடனே மறையும். காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார்கள். சுத்தக்காரியின் வீட்டுக் காப்பியை ஊரே வேண்டாம் என்று சொல்லிப் போவதை மயிலாத்தாள் கட்டிலில் கிடந்தபடி பார்த்தாள்.

அவளுக்கே அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. துணி மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைத் தன் கை என்று சொல்லக்கூட வாய் வராமல், நாத்தனாரிடம் "அது" என்றுதான் சொன்னாள். "அது அரிக்குது நங்கையா." "அதுல ஈ உக்காருது, ஓட்டுங்க." செத்த ஓணானை மார்பில் கட்டிக்கொண்டு திரிகிறமாதிரி இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அவளுக்குத் தாகமெடுத்தது. "நங்கையா, தண்ணி," என்று கூப்பிட்டாள். பழனாத்தாள் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவள் ஓட்டமாக ஓடிவந்து, மயிலாத்தாளின் இடது கைப்பக்கம் இருந்த சொம்பை எடுத்து அவள் வாயில் வைத்தாள். சொம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. விரலை நீட்டினால் போதும். பழனாத்தாள் தீவனம் போடத் திரும்பிப் போய்விட்டாள். மயிலாத்தாளுக்குத்தான் குடித்த தண்ணீர் வயிற்றில் கசந்தது. கால் நன்றாக இருக்கிறது, இடது கை நன்றாக இருக்கிறது, வாய் நன்றாக இருக்கிறது. ஆனாலும் தான் மூலையில் வைத்த மூட்டையாகிவிட்டதை அன்றைக்குத்தான் கண்டாள். அதைவிடக் கேவலம், அது சுகமாக இருக்க ஆரம்பித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மறுபடி காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். போகவில்லை. வெல்லம் காய்ச்சுகிற மும்முரம் முடியட்டும் என்றார் அர்த்தநாரி. பிறகு மழை என்றார். அவளும் வற்புறுத்தவில்லை. பஸ்ஸில் ஏறி நாலு பேருக்கு நடுவில் அந்த வாடையோடு உட்கார அவளுக்கு வெட்கம்.

ஆவணியில் வேறு வழியில்லாமல் போக வேண்டியதாயிற்று. விரல்கள் உள்ளே சுருண்டு, காய்ந்த இஞ்சி மாதிரி முறுக்கிக்கொண்டு, நடுவிரல் நகம் வளர்ந்து உள்ளங்கைத் தோலில் இறங்கிச் சீழ் வைத்திருந்தது. பஸ்ஸில் முன்னால் இருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மயிலாத்தாள் எழுந்து பின்னால் போய்ப் பாலக்காடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். அர்த்தநாரி, "உக்காரு மயிலா," என்று சொல்லவில்லை. அவரும் கூடவே நின்றார்.

நகத்தை வெட்டி, புண்ணைச் சுத்தம் செய்து, ஆறின பிறகு டாக்டர் அவளை ஆஸ்பத்திரிக் கடைசியில் இருந்த பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் திரிபுரசுந்தரி. கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரி, உத்தியோகம் பார்க்கிற பெண், கண்ணாடி போட்டு, சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தாள். மயிலாத்தாளின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவளுக்கு முகம் சிவந்தது.

"ஆப்பரேஷன் நன்னாப் பண்ணியிருக்கா. தோல் நன்னாப் பிடிச்சிருக்கு. இது எப்படி இந்தக் கதிக்கு வந்தது? கையை அனக்கச் சொல்லித்தானே அனுப்பினா?"

கூட வந்திருந்த பழனாத்தாள் முன்னால் வந்தாள். "அணைச்சேதானுங்க வெச்சிருந்தோம்! ஒரு நொடி விடலீங்க. அவ மாரோட சேத்துக் கட்டி வெச்சிருந்தேன்."

திரிபுரசுந்தரி அவள் பக்கம் திரும்பினாள். "அணைக்கிறதில்லை பாட்டியம்மா. அனக்கறது. அசைக்கறதுக்கு மலையாளத்துல அனக்கறதுன்னாக்கும் சொல்லறது."

மயிலாத்தாளுக்கு அந்த வார்த்தை தெரியும். இந்த மண்ணில் பிறந்தவள், சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசுகிறவள். நர்ஸ் சொன்ன அன்று காய்ச்சலில் கிடந்துவிட்டாள். அதற்குப் பிறகு காதில் விழுந்ததெல்லாம் பழனாத்தாளின் வாயிலிருந்து வந்த "அணைச்சு வெக்கோணும்" தான். இத்தனை மாசமும் ஒரு எழுத்துப் பிசகில் கிடந்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் கேக்கலையே," என்றார்.

"சரி, கேளுங்கோ," என்றாள் திரிபுரசுந்தரி. "எலும்பு சேர்ந்தாச்சு. தோல் மூடியாச்சு. டாக்டர் பண்ண வேண்டியது முடிஞ்சுது. பாக்கி உங்க கையிலயாக்கும். கட்டிப்போட்ட கை கட்டை ஆகும். இதைச் சூட்டுல வெச்சு, பிசைஞ்சு, ஒவ்வொரு விரலாப் பிரிச்சாகணும். வலிக்கும். வலிச்சாலும் நிறுத்தப்படாது. பழைய கை வராது. சண்டை போட்டா முக்கால் கை வரும். சண்டை போடலேன்னா இதேதான்."

சூடான மெழுகில் கையை முக்கி எடுத்து, விரல்களைப் பிரித்துக் காட்டினாள். மயிலாத்தாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கத்தவில்லை.

"ஆத்துல என்ன பண்ணுவேள்? மெழுகு கிடைக்காது. கோதுமை மாவு, அரிசி மாவு, எதாவது பிசையுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் மயிலாத்தாள் முதல் வேலையாக ராகி மாவைக் குண்டாவில் கொட்டி, வெந்நீர் விட்டு, கையை இறக்கினாள். பழனாத்தாள் அடுக்களைக்குள் வந்தவள் பதறிப்போய்க் குண்டாவை இழுத்துக்கொண்டாள்.

"மாவுல வேண்டாம் அம்மிணி. நாலு பேரு சோறு உங்கற ஊடு. தொடைத்தோல வெச்சுப் பெசஞ்சத ஆரு வாயில வெப்பாங்க? பெசஞ்சே ஆகோணும்னா கட்டுத்தரைல சாணி கெடக்குது. அதுக்கு அந்தக் கை போதும்."

அடுக்களையிலிருந்து அவளை யாரும் அதுவரை வெளியே போகச் சொன்னதில்லை. விரலிடுக்கில் ஒட்டிய ராகி மாவு காய ஆரம்பித்தது. வெறுப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பழனாத்தாள்மேல், தன்மேல், அந்தத் தோல்மேல், இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த புருசன்மேல். கையைக் கழுவாமலே நேராகக் கட்டுத்தரைக்குப் போனாள். எருமை அப்போதுதான் போட்டிருந்த சாணி ஆவி பறந்துகொண்டிருந்தது. குந்தி உட்கார்ந்து, மணிக்கட்டுவரை கையைப் புதைத்தாள்.

பிறந்ததிலிருந்து சாணி தட்டுகிற வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டவள் அவள். வாசல் தெளிக்கக்கூடச் சாணியைக் குச்சியால்தான் கரைப்பாள். குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சாணி வெதுவெதுப்பாக இருந்தது, மெழுகைவிட இதமாக. விரல்களை மூட முயன்றாள், முடியவில்லை. விரிக்க முயன்றாள், உயிர் போகிறமாதிரி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "மாவுக்கு ஆகாதாம், சாணிக்கு ஆகுமாம்," என்று வாய்க்குள்ளேயே வைதுகொண்டு பிசைந்தாள். வைக்கோலைக் கலந்து உருட்டித் தென்புறச் சுவரில் அறைந்தாள். வரட்டியில் பதிந்த அவள் கைத்தடம் கோழிக்கால் தடம் மாதிரி இருந்தது.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். பழனாத்தாள், "அட, நானு பேச்சுக்குச் சொன்னேன் அம்மிணி," என்று பின்னாலேயே வந்தாள். மயிலாத்தாள் சாணி தட்டுகிற பெண்ணை வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். மழை விடாத நாட்களில் எருமைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெறுமனே பிசைந்துகொண்டிருப்பாள். சில நாள் வலி பொறுக்காமல் கை வீங்கும், சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும். அன்றைக்கு விட்டுவிடுவாள். அடுத்த நாள் எழும்போது விரல்கள் பழையபடி சுருண்டிருக்கும். ஒரு நாள் விட்டதற்கு இரண்டு நாள் கட்டணம் கேட்கிற பிசாசு அது. ஐப்பசியில் ஒரு வாரம் முழுக்க வெறுத்துப்போய்க் கட்டுத்தரைப் பக்கமே போகாமல் கிடந்தாள். என்ன செய்து என்ன, தொடைத்தோல் தொடைத்தோல்தானே என்று இருந்தது. பிறகு ஒருநாள், வேலைக்காரியை மறுபடி வரச் சொல்லலாமா என்று அர்த்தநாரி கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே எழுந்து போனாள்.

பாலக்காட்டுக்குப் போகிற போதெல்லாம் திரிபுரசுந்தரி விரல்களை அளந்து பார்த்தாள். "நன்னா இருக்கே. எதைப் பிசையறேள்?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"சாணிங்க."

திரிபுரசுந்தரி பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டாள். முகம் கோணியது. மயிலாத்தாள் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். இதே கோணலைத்தானே எல்லார் முகத்திலும் பார்க்கிறாள். திரிபுரசுந்தரிக்கே அது தெரிந்திருக்க வேண்டும். மறுபடி கையை எடுத்துக்கொண்டாள்.

"புண்ணு ஏதாவது இருந்தா அந்தப் பக்கமே போகப்படாது, கேட்டேளா? ஆணி, முள்ளு பட்டா உடனே இங்கே வந்து ஊசி போட்டுக்கணும். முடிஞ்சதும் சோப்புப் போட்டு அலம்பணும். இதெல்லாம் சரின்னா," என்று ஒரு பெருமூச்சு விட்டாள், "நிறுத்தாதேங்கோ."

தை பிறந்தபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முக்கால்வாசி நிமிர்ந்தன. சுவரில் பதிகிற தடத்தில் உள்ளங்கை தெரிந்தது. களித்துடுப்பைப் பிடிக்க முடிந்தது. பேரனுக்குக் காது குத்து என்று பழனாத்தாள் தாராபுரம் போனாள். போகிறபோது, "என்னைய மன்னிச்சுக்க அம்மிணி," என்று அழுதாள். மயிலாத்தாளுக்கும் அழுகை வந்தது. ஆனால் அவள் பஸ் ஏறிப் போன உடனே அடுக்களையில் இருந்த கரண்டிகளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் காய வைத்தாள்.

அன்றிலிருந்து அடுப்பு அவள் வசம் வந்தது. களி கிண்டினாள். கை நனைத்து உருண்டை பிடித்தாள். உருண்டை கோணலாகத்தான் வந்தது, ஆனாலும் களி களியாக இருந்தது. அர்த்தநாரி வட்டலை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைப் பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். "இங்க காத்தோட்டம் நல்லா இருக்குது," என்பார். காலி வட்டலைக் கொண்டுவந்து கொடுத்து, "நல்லா இருந்துது மயிலா," என்பார். அவளுக்கு மனசு நிறையும்.

மாசி வெயிலில் ஒருநாள் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனவள் கழுநீர்த் தொட்டிக்குள் பார்த்தாள். அடியில் களி உருண்டை கிடந்தது. எருமை நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. உருண்டையின் ஒருபக்கம் அவளுடைய குறைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. மேலே குழம்புகூடப் படவில்லை.

அவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அர்த்தநாரி காட்டிலிருந்து வந்து கைகால் கழுவுகிறவரை நகரவில்லை.

"ஏனுங்க," என்றாள். "உங்க எருமைக்கு என்ற களி புடிச்சுப்போச்சாட்டம் இருக்குது."

அவர் தொட்டியைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்ப இருந்து?"

"நீ அடுப்புக்கு வந்த நாள்ல இருந்து."

"தொடைத்தோலுன்னா?"

"அதெல்லாமில்ல. அப்படி நெனைக்காத." அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரில கட்டுப் பிரிச்சாங்களே, அந்த வாடை. களிய வாய்க்கிட்டக் கொண்டுபோனா மூக்குல வந்து நிக்குது. முழுங்கிப் பாத்தேன், முடியல. சொன்னா நீ மறுபடியும் கையக் கட்டிக்கிட்டு மூலைல உக்காந்துக்குவியோன்னு பயம். அதான்."

"அதான் எருமைக்கு ஊட்டிப்போட்டு எங்கிட்ட நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களாக்கும். தூ!" என்று மண்ணில் துப்பினாள். "ஊரே மூஞ்சியச் சுளிச்சுது, தாங்கிக்கிட்டேன். மூஞ்சியச் சுளிக்காம நடிச்சீங்க பாருங்க, அதத்தான் தாங்கமுடியல. இதுக்கு நங்கையா தேவலை. வாய் தொறந்து சொன்னாங்க."

அர்த்தநாரி எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குரல் உயர்த்தாமல், குத்திக் காட்டுகிற நோக்கமே இல்லாமல் கேட்டார்: "நீ உங்கறயா மயிலா, அந்தக் கைல?"

அவள் தன் வலது கையைப் பார்த்தாள்.

அவள் உண்ணவில்லை. துடுப்புப் பிடித்தது, உருண்டை பிடித்தது, பரிமாறியது எல்லாம் வலது கை. வட்டல் முன்னால் உட்கார்ந்ததும் அந்தக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு, இடது கையில் கரண்டி பிடித்துத்தான் இத்தனை நாளும் தின்றுகொண்டிருந்தாள். கரண்டி பிடித்தால் இடது கைகூடப் பரவாயில்லை என்று எப்படியோ பழகிவிட்டது. அதைப் பற்றி யோசித்ததே இல்லை. புருசனுக்குத் தின்னக் கொடுத்ததைத் தான் தொட்டுத் தின்னவில்லை. சாணிக்குள் புதைத்த கையை, மெழுகில் முக்கிய கையை, சோப்புப் போட்டுத் தேய்த்த கையைத் தன் வாய்க்கு மட்டும் கொண்டுபோகவில்லை. ஊர்க்காரர் முகத்தில் அவள் தேடித் தேடிப் பார்த்த சுளிப்பு தன் முகத்திலேயே இருந்திருக்கிறது.

அடுக்களைக்குப் போனாள். குண்டாவில் மீதியிருந்த களியை வட்டலில் வைத்து, அடுப்பில் சூடாக இருந்த குழம்பை ஊற்றிக்கொண்டு, ஆசாரத்தில் வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்தாள். அர்த்தநாரி வாசற்படியில் வந்து நின்றார். அவள் மடியிலிருந்து வலது கையை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். ராகி வாசமும் சோப்பு வாசமும்தான் இருந்தன. ஆனாலும் அந்த வாடையும் எங்கிருந்தோ வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. அது கையில் இல்லை, மூக்குக்குள் குடியிருந்தது.

களியைக் கிள்ளினாள். பாதிவிரல்கள் ஒத்துழைக்கவில்லை, கட்டைவிரலும் இரண்டு விரலும்தான் பிடித்தன. குழம்பில் தோய்த்து எடுப்பதற்குள் நழுவி விழுந்தது. மறுபடி கிள்ளினாள். ஒட்டுப்போட்ட தோலுக்குச் சூடு தெரியவில்லை. குழம்பு வழிந்து முழங்கைக்கு ஓடியபோதுதான் சுட்டது. வாயில் வைத்தாள். உடனே ஓங்கரிப்பு வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. விழுங்கினாள். அடுத்த வாயைக் கிள்ளினாள். இலைமுன்னால் உட்கார்ந்த ஒரு வயசுக் குழந்தைகூட இவ்வளவு அசிங்கமாகத் தின்னாது. மடியெல்லாம் குழம்பு, தரையெல்லாம் களி, மோவாயில் வழிசல். தன் வாழ்நாளில் தான் பார்த்த ஆக அசிங்கமான சாப்பாட்டைத் தானே தின்றுகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வட்டல் காலியாகும்வரை எழவில்லை.

அர்த்தநாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தின்றார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவர் தின்னவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் குடு," என்றார். "நடிக்காம இருந்தாப் போதும்," என்றாள் அவள்.

அவர் அதற்குப் பிறகு நடிக்கவில்லை. களி வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். அவள் கை படாமல் வடித்த சோற்றைத் தானே போட்டுத் தின்றார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து தன் வலது கையால் தின்றாள். வேண்டுமென்றேதான் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வீம்புக்கு ஆரம்பித்தது, பிறகு வழக்கமாயிற்று. மெழுகில் முக்கியதைவிட, சாணியைப் பிசைந்ததைவிட, தினம் மூன்று வேளை வாய்க்குக் கொண்டுபோனதில்தான் விரல் நுனிகளுக்குப் பிடிமானம் வந்தது என்று திரிபுரசுந்தரி பிற்பாடு சொன்னாள். நழுவுகிற சோற்றைப் பிடிக்கிற வேலை மாதிரி ஒரு பயிற்சி அவளிடமும் இல்லையாம்.

அர்த்தநாரி முதலில் அவள் உரித்துக் கொடுத்த வேகவைத்த நிலக்கடலையைத் தின்றார். அப்புறம் தோசை. ஈரமில்லாததாக, கை ரேகை பதியாததாகப் பார்த்துத்தான் எடுத்தார். அடுத்த வருசம் ஆடி நோன்பு சமயத்தில் ஒருநாள் களி உருண்டையைக் கிள்ளி விழுங்கினார். அவள் கவனிக்காதமாதிரி இருந்தாள். உள்ளுக்குள் சந்தோசமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. இவ்வளவு நாள் ஆயிற்றே என்றுதான் இருந்தது.

எலப்புள்ளி வட்டாரத்தில் அடிபட்டவர்கள் வீட்டிலிருந்து அவளைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் மெசினுக்குள் கையை விட்டவனுடைய பெண்டாட்டி, மரத்திலிருந்து விழுந்தவனுடைய அண்ணன் என்று வருவார்கள். எல்லாரும் கேட்கிறது ஒன்றுதான். "என்ன தைலம் போட்டீங்க?" மயிலாத்தாளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தைலத்தின் பேரைச் சொன்னால் வாங்கிப் பூசிவிட்டு, கையைக் கட்டி மூலையில் உட்கார வைத்துவிடலாம் என்று பார்க்கிறார்கள். "தைலம் இருக்கட்டும். ஊட்டில அவனுக்கு ஆரு சோறு ஊட்டறது?" என்று திருப்பிக் கேட்பாள். "அத மொதல்ல நிறுத்துங்க. பசிச்சா அவனே எடுத்துத் திங்கட்டும். கொட்டிக்கிட்டுத் தின்னா மூஞ்சியச் சுளிக்காதீங்க. சுளிச்சாலும் மறைக்காதீங்க," என்பாள். பாதிப் பேர், இந்தப் பொம்பளைக்கு இரக்கமே கிடையாது என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

கை முழுதாக வரவில்லை. ஊசியில் நூல் கோர்க்க அவளால் ஆகாது. குடத்தைத் தூக்க இடது கைதான். ஒட்டிய தோலில் கோடைக்கு வெடிப்பு வரும், எண்ணெய் போட வேண்டும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற காலையில் நடுவிரல் சுருண்டுகொண்டு திறக்கவே திறக்காது. அப்போது வாசலில் நின்று அதை வெந்நீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "எந்திரி சனியனே, எந்திரி," என்று சத்தமாக வைவாள். தெருவில் போகிறவர்கள் யாரை வைகிறாள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவள் பாட்டுக்கு வைதுகொண்டே அடுப்பு மூட்டப் போவாள்.